எத்தனை சதவீதம் வந்தாச்சு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கோ, கண்ணுகளா. ஒரு கதை வைத்திருக்கிறேன்.

எண்பத்தெட்டாம் வருஷம், பம்பாய் செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனி ஆபீஸ். சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் கிளம்பின பிறகும் விசாலாக்ஷி கம்ப்யூட்டர் முன்னால் காத்துக் கிடப்பாள். மெட்ராஸ் கிளையின் ஸ்டாக் விவரமெல்லாம் ஒரே பெரிய ஃபைலாக டெலிபோன் லைனில் ஊர்ந்து வரும். வருகிறதா, பாதியில் செத்துவிட்டதா என்று தெரியாமல் கண் பூத்துப்போய், அவளே ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தாள். எத்தனை சதவீதம் வந்தது என்று திரையில் காட்டும்.

அன்றைக்கு அந்த எண் எங்கேயும் தடுக்கி நிற்கவில்லை. மழை நாளில் லைன் கரகரத்து, நின்று நின்றுதான் ஏறும். அன்று வழுக்கிக்கொண்டு ஏறிற்று. அலுத்துப்போயிருந்த அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஈரக் குடையின் வாடை, மோடம் பெட்டியின் ஓயாத இரைச்சல், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கூட்டிவந்த நாலு வயசு மகள் ருக்கு பெஞ்சில் சுருண்டு தூங்கியபடி விடும் மூச்சு.

இன்னொரு போன் அடித்தது. மெட்ராஸ் ஆபரேட்டர் கரீம் பாட்சா.

"அக்கா, காலையிலேர்ந்து இங்க கரண்ட் இல்ல. உங்க மாமியார் சிரிப்பு மாதிரி, எப்ப வரும்னே சொல்ல முடியாது. ஃபைல் திங்கக்கிழமைதான்."

"விளையாடாதே, கரீம். இங்கே நாற்பது தாண்டியாச்சு."

"நான் மெஷினையே தொடலியே அக்கா!"

போனை வைத்தாள். ஐம்பத்தெட்டு.

மோடத்திலிருந்து டெலிபோன் வயரைப் பிடுங்கினாள். லைன் செத்ததா என்று, அதே லைனில் இருந்த பக்கத்து போனின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். சத்தமில்லை. மேஜைமேலேயே போட்டாள்.

எழுபத்தொன்று.

ஸ்விட்சை அணைத்தாள். திரை இருண்டது. எண் மட்டும் இருளில் பச்சையாக ஏறிற்று.

"ருக்கு, எழுந்திருடி செல்லம். ஆத்துக்குப் போகலாம்."

தூக்கப் பார்த்தாள். கனம். சுருண்டிருந்த கால்கள் பெஞ்சுக்கு வெளியே நீண்டிருந்தன. சில்லென்று.

தொண்ணூற்றாறு.

நூறு.

குழந்தை கண் திறந்து சிரித்தது. "அம்மா."

அதே நேரம், மேஜைமேல் கிடந்த ரிசீவரிலிருந்து ருக்குவின் அழுகை. "அம்மா... இங்கே இருட்டா இருக்கும்மா. யார் யாரோ இருக்கா..."

பெஞ்சில் இருந்தது எழுந்தது. விசாலாக்ஷியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எட்டி, ரிசீவரை எடுத்து, மெல்ல அதன் இடத்தில் வைத்தது.

உங்காத்துக் குழந்தைகள் நன்னாயிருக்கட்டும், கண்ணுகளா. அவர்கள் எங்கே படுத்திருக்கிறார்களோ, அங்கிருந்தே அவர்கள் குரலும் வரட்டும்.