எச்சில் கிண்ணம்

கொம்பையாவின் தலையை இரும்புப் பட்டையில் இறுக்கி, மூக்குத் துளைகளை அடைத்த பிறகுதான் நீதிமன்றத்து ஆவியூதியை முடுக்கினார்கள். தலை இப்படி அப்படித் திரும்பினால் குழல் வாயிலிருந்து நழுவிவிடும். கைகள் ஏற்கெனவே நாற்காலியோடு கட்டப்பட்டிருந்தன. எதிரே சூட்டுத் தட்டின் மேல் தவசிக்கனியின் கிண்ணம் இருந்தது. உள்ளங்கையளவு படிகக் கிண்ணம். பக்கவாட்டில் வாய் வைத்து இழுக்க ஒரு கண்ணாடி மூக்கு. அந்த மூக்கில்தான் குழலைப் பொருத்தியிருந்தார்கள்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். தவசிக்கனி அவள் கணவன்.

“அக்கா, பாக்க முடியலன்னா வெளிய இருங்க,” என்றாள் கருவியை இயக்கும் நவமணி.

“பாக்கத்தாம்மா வந்தேன்.”

உப்புத்தூசி நெஞ்சை அடைத்த வருடங்களில் கடற்கரை ஊர்களின் எல்லா மேசைகளுக்கும் ஆவியூதி வந்துவிட்டது. நொச்சியிலையைக் கிண்ணத்தில் இட்டு, கருகாமல் நூற்றெண்பது பாகைக்குச் சூடாக்கி ஆவியை இழுத்தால் மூச்சு இளகும். மூச்சை விடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கிண்ணத்துக்குள்ளேயே ஊதினால் அது எச்சில். குழந்தைகளுக்குக்கூட அது தெரியும்.

அப்படிக் கிண்ணத்துக்குள் ஊதிய மூச்சு இலைப் பிசினோடு கலந்து கண்ணாடியில் படலமாகிறது என்பதும், ஊதிய உடம்பு அந்த நிமிடம் பட்டதெல்லாம் படலத்தில் தங்குகிறது என்பதும் பிற்பாடு தெரியவந்தது. இருநூற்றுப் பத்தில் படலம் மறுபடி ஆவியாகும். மேலே படிந்த படலம் முதலில் எழும், அதற்குள் பட்டது பட்ட வரிசையில் வரும். இழுப்பவனுக்கு அது தன் உடம்பிலேயே நடக்கும். ஒருமுறை இழுத்த படலம் திரும்ப வராது.

கொன்றவனை இறந்தவரின் கடைசி மூச்சை இழுக்க வைப்பதைச் சட்டம் மறுசுவாசத் தண்டனை என்றது. ஊர் எச்சில் தண்டனை என்றது.

கிண்ணம் வாங்கிய நாளில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? சந்தனமாரி மெல்லிய பச்சைக் கிண்ணம் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். தவசிக்கனி அதை நகத்தால் சுண்டிப் பார்த்தான்.

“இது ஒரு கோடைக்குத் தாங்காதுட்டி. சூட்டுல விரிசல் விட்டுரும்.”

“அப்ப அந்தத் தடியன எடுங்க.”

“தடிமனா இருந்தா ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் பச்சையா நிக்கும். படிகம்தான் எல்லாப் பக்கமும் ஒரே சூடு.”

“கண்ணாடிக்குப் பொண்ணு பாக்க வந்தீயளோ?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். படிகத்தைத்தான் வாங்கினான். ஆனால் முகத்தைத் திருப்பி ஊதுகிற பழக்கம் மட்டும் அவனுக்கு வரவே இல்லை. கணக்குப் போட்டுக்கொண்டே இழுப்பான், அப்படியே உள்ளே ஊதுவான். “எச்சிலாக்காதீயன்னு எத்தன தடவ சொல்ல?” என்று அவள் கத்துவாள். “என் எச்சில் ஒனக்குப் புதுசா?” என்பான்.

அவன் தண்ணீர்ப் பகிர்வு அலுவலகத்தில் வேலை பார்த்தான். கிண்ணத்தையும் அங்கே எடுத்துப் போவான். மேலத்தெருத் தண்ணீர்க்குழாயின் அடைப்பானை மூடும் உத்தரவு வந்தது, மூடினான். தெரு தண்ணீரில்லாமல் கிடந்த ஒன்பதாம் நாள் முற்பகல் கதவை உடைத்துக்கொண்டு கூட்டம் உள்ளே வந்தது. முன்னால் வந்தவன் கொம்பையா. மேலத்தெருக்காரன், தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். சந்தனமாரி கையால் எத்தனையோ முறை மோர் வாங்கிக் குடித்தவன். முதல் வெட்டு தோளில் விழுந்தது. இரண்டாவது, தடுக்க உயர்த்திய கையில். மூன்றாவது கழுத்தோரம். தவசிக்கனி மேசைமேல் சாய்ந்தான். வாய் கிண்ணத்தின் மூக்கில் பதிந்திருந்தது. மூன்று வெட்டின் வலியோடும் சாகும் வரை விட்ட மூச்செல்லாம் அதற்குள் போனது.

காரியம் முடிந்ததும் சந்தனமாரி கிண்ணத்தைத் துணியில் சுற்றித் தன் மடியிலேயே வைத்திருந்தாள். தண்டனைக்காக நீதிமன்றம் அதைக் கேட்டபோது அவள் திருப்பிக் கேட்டது ஒன்றைத்தான். அடியில் அவர் இருப்பாரா?

“இருப்பாரு அக்கா,” என்றாள் நவமணி. “மேல இருக்கிறது அந்த நாள். அதுக்குக் கீழ மத்த நாள் எல்லாம் இருக்கும். படிகம்ங்கறதால படலம் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. மேல உள்ளத அவன் இழுத்துருவான். மிச்சம் உங்களுக்கு.”

அதற்காகத்தான் கொடுத்தாள். சாவை அவன் குடித்துத் தீர்க்கட்டும். தனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போதும். கணக்கு சரிவராமல் முனகுகிற மனுஷனின் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

முதல் இழுப்பில் கொம்பையாவின் தோள் துள்ளியது. வெட்டே இல்லாத தோள். எலும்பு பிளந்தவன் போல அலறினான். இரண்டாவதில் கட்டுக்குள் இருந்த கை முறுக்கிக்கொண்டு மணிக்கட்டுத் தோல் கிழிந்தது. “விட்ருங்க, விட்ருங்கய்யா, என்ன வெட்டாதீய!” என்று குழலுக்குள்ளேயே யாரிடமோ கெஞ்சினான். மூன்றாவதில் குரல் வரவில்லை. கழுத்து நரம்புகள் புடைக்க, வாய் குழலைக் கவ்வியபடியே கிடந்தது. இன்னொன்று கொடு என்று சொல்லச் சந்தனமாரிக்கு நாக்கு துடித்தது. சட்டப்படி மூன்றுதான்.

கிண்ணத்தை முத்திரையிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

“கடல்ல போட்டுட்டு வா,” என்றாள் தவசிக்கனியின் அக்கா பேச்சியம்மாள், வாசலை மறித்துக்கொண்டு. “எல்லாரும் அப்படித்தானே செய்யுதாவ? கொன்னவன் வாய் வச்சத எவளாவது வீட்டுக்குள்ள கொண்டாருவாளா?”

“குழல்லதான் மதினி வாய் வச்சான்.”

“வாய் வாய்தாம்ட்டி!”

“அவுக இதுக்குள்ள இருக்காக. வழிய விடுங்க.”

அவள் குரலில் இருந்தது பேச்சியம்மாளை ஒதுங்க வைத்தது.

பட்டப்பகல். தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். சந்தனமாரி கிண்ணத்தின் மூக்கைத் துடைத்தாள், உள்ளே துடைக்கவில்லை. வீட்டு ஆவியூதியின் தட்டின் மேல் வைத்து, இருநூற்றுப் பத்துக்குத் திருகி, கண்ணை மூடி இழுத்தாள்.

வலது கை கனத்தது. உள்ளங்கையில் மரப்பிடி. நாக்கு ஒட்டிக்கொள்ளும் தாகம், ஒன்பது நாள் தாகம். கை மேலே போய் இறங்கியது. எலும்பில் பட்டு அதிர்ந்தது முழங்கை வரை ஏறியது. அந்த அதிர்ச்சியோடு, அவள் எதிர்பாராதது ஒன்றும் ஏறியது. நிம்மதி.

முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையில் வாந்தியெடுத்தாள்.

வெகுநேரம் கழித்துத்தான் விளங்கியது. எல்லோரும் முகத்தைத் திருப்பி ஊதுவார்கள். கொம்பையாவின் தலையைப் பட்டையில் இறுக்கி, அவன் மூக்கையும் அடைத்திருந்தார்கள். இழுத்த மூச்சை அவனால் வேறு எங்கும் விட முடியவில்லை. வெட்டுப்பட்ட அந்த மூன்று இழுப்பிலும் அவன் உடம்பு தான் வெட்டியதையும் நினைவில் திரும்பச் செய்திருக்கிறது. அத்தனையும் கிண்ணம் ஆறியதும் அதற்குள், தவசிக்கனிக்கு மேல் படிந்திருக்கிறது. திருப்பிக் கொடுத்த கிண்ணங்களை ஊரே கடலில் போட்டதால் இது எந்த நீதிபதிக்கும் தெரியவில்லை.

கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தேன் நிறத்தில் மெல்லிய படலம். அதற்குள் எங்கோ ஒரு செவ்வாய்க்கிழமை.

மறுபடி வைத்தாள். இழுத்தாள். இந்தமுறை எதிரே முகம் தெரிந்தது. கையை உயர்த்தித் தடுக்கிற தவசிக்கனி. “ஏல கொம்பையா, நான்ல,” என்றான். அவள் கை நிற்கவில்லை. நிறுத்த வேண்டும் என்று நினைத்தாளா என்பதும் அவளுக்கு நிச்சயமில்லை.

இந்தமுறை வாந்தி வரவில்லை. முகத்தை ஒழுங்காகத் திருப்பி, மூச்சை வெளியே விட்டாள். வலது கை விரல்கள் பிடியின் அளவுக்கு வளைந்தே இருந்தன.

“சந்தனம், கதவத் திறட்டி!” பேச்சியம்மாள் வெளியே தட்டிக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஒரு வெட்டு இருந்தது. அதற்கு அடியில்தான் அவர். சந்தனமாரி கிண்ணத்தின் மூக்கில் வாயை வைத்தாள்.