உலக முடிவு வரை அதே கால்கள்

“போன தடவை போட்டுக்கிட்ட உடம்பே வேணுமா, இல்ல வேற காட்டட்டுமா?” என்று கேட்டாள் பயணப் பதிவகத்துப் பெண்.

“அதே உடம்புதான்” என்றாள் மீனலோசனி.

“அதுக்கு இப்ப நாப்பது வயசாயிருச்சும்மா. அதே ஊர்ல இருபத்திமூணு வயசுல ரெண்டு உடம்பு இருக்கு.”

“வேண்டாம். அந்தக் காலுக்கு வழி தெரியும்.”

மதுரையில் காலை எட்டு மணிக்கு மேல் யாரும் வெளியே நடப்பதில்லை. வெயில் தோலை உரித்துவிடும். விமானங்கள் நின்று இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. வெளிநாடு பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக் கட்டிலில் படுத்து, காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் இணைப்பு வழியாக அந்த நாட்டுக்காரர் ஒருவரின் உடலில் ஏறிக்கொள்வார்கள். உடலேற்றம் என்று அதற்குப் பெயர். உடலைக் கொடுப்பவர் நடையாள். விருந்தினர் உள்ளே இருக்கும்வரை நடையாள் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பார்.

பதினோரு வருடங்களுக்கு முன் மீனலோசனி ஒரே ஒரு நாள் இலங்கை மலைநாட்டுக்குப் போயிருந்தாள். அப்புத்தளையிலிருந்து ரயில் பாதை ஓரமாகத் தேயிலைச் சரிவுகளில் நடந்தாள். அவள் வாழ்நாளில் மண்ணை மிதித்தது அந்த ஒரு நாள்தான். எழுபது வயதுக்கு மேல் உடலேற்றத்துக்கு அனுமதி கிடையாது. அவளுக்கு அறுபத்தொன்பது முடியப் போகிறது. அதனால் ஒரு வருடமாக வரைபடங்களைச் சுவரில் ஒட்டித் திட்டமிட்டிருந்தாள். நான்கு நாள் நடை. அப்புத்தளையில் தொடங்கி, மேட்டுச் சமவெளியில் ஏறி, உலக முடிவு என்று அங்குள்ளவர்கள் சொல்லும் செங்குத்துப் பாறை விளிம்பில் நின்று பார்த்துவிட்டு, ஒகியா ரயில் நிலையத்துக்கு இறங்க வேண்டும்.

பயணத்துக்கு முன் விருந்தினரும் நடையாளும் பத்து நிமிடம் திரையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். நடையாள் சிவனேஸ்வரி மெலிந்து, களைத்த முகத்தோடு இருந்தாள்.

“என்னைய ஞாபகம் இருக்காம்மா?”

“இல்லைங்க. வாரவங்க யாரையும் எனக்குத் தெரியாது. நான் தூங்கிருவேன் தானே.”

“உலக முடிவு எப்படி இருக்கும்?”

“நான் பாத்ததில்லைங்க. காலு நூறு தடவைக்கு மேல போயிருக்கு.”

“லீவு நாள்ல போய்ப் பாக்கலாமே?”

“லீவு நாள்ல வீங்கிக் கிடக்கும். எந்திரிக்க முடியாது.” கொஞ்சம் தயங்கினாள். “அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஏறுறது பரவாயில்ல. எறங்குறப்ப மட்டும் மெதுவா எறங்குங்க. வலது முழங்கால் சரியில்ல. உங்களுக்கு வலி தெரியாது, வடிகட்டி போட்டிருப்பாங்க.”

“கண்டிப்பா. என் கால் மாதிரி பாத்துக்கிறேன்” என்றாள் மீனலோசனி. மனதாரத்தான் சொன்னாள்.

முதல் மூன்று நாட்கள் அவள் நினைத்ததைவிட நன்றாகவே போயின. மழையில் நனைந்தாள். ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தாள். இருபதடி தூரத்தில் ஒரு மரைமான் நின்று அவளையே பார்த்தது. சாயங்காலம் வலது முழங்கால் பந்து போல வீங்கியிருப்பதைக் கண்டாள். ஆனால் அமுக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இதமான களைப்பு மட்டும் இருந்தது.

நான்காம் நாள் விடியும்போதே உலக முடிவுக்கு வந்துவிட்டாள். எதிரே வெறும் பனி. மாலை ஐந்து மணிக்கு இணைப்பு அறுந்துவிடும். அதற்குள் ஒகியா போய்ச் சேராவிட்டால் உடல் போட்ட இடத்திலேயே கிடக்கும். மெதுவாக இறங்க வேண்டுமானால் ஒன்பது மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

ஒன்பதாயிற்று. பனி விலகவில்லை. இன்னும் கால் மணி நேரம் என்று நினைத்தாள். பிறகும் அப்படியே நினைத்தாள். பன்னிரண்டரைக்குத் திரை விலகியது போலப் பள்ளத்தாக்கு திறந்தது. காலடியில் மேகம், அதற்குக் கீழே பச்சைத் தோட்டங்கள், தொலைவில் கடலின் ஒரு கோடு. அந்த உடலின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு மணி தாண்டித்தான் திரும்பினாள்.

கீழே ஓடினாள். வேறு வழியில்லை. ஒரு வளைவில் முழங்காலுக்குள் ஏதோ குச்சி முறிவது போலச் சத்தம் கேட்டது. வலி இல்லை. கால் மட்டும் பக்கவாட்டில் மடங்கியது. மரங்களைப் பிடித்து, அதை இழுத்துக்கொண்டே போய், ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது நிலையத்தை அடைந்தாள்.

மதுரையில் கண் விழித்தபோது மகள் நிறைமதி பக்கத்தில் இருந்தாள்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“பாத்துட்டேன்டி” என்று மீனலோசனி அழுதாள்.

அதே நேரத்தில் ஒகியாவில் சிவனேஸ்வரி கண் விழித்தாள். அவள் போட்ட கூச்சலில் நிலையத்து நாய்கள் குரைத்தன.

அன்றிரவு மீனலோசனிக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் உடலேற்ற நிறுவனத்தின் மதிப்பீட்டுப் படிவம் வந்ததும் மனச்சாட்சிப்படி நிரப்பினாள். ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு கொடுத்தாள். கீழே எழுதினாள்: ‘அற்புதமான பயணம். ஒன்றைக் குறைத்தது முழங்காலுக்காக மட்டுமே. பாவம், அந்தப் பெண்ணுக்கு நல்ல ஓய்வு கொடுங்கள்.’

படிவங்களை மனிதர்கள் படிப்பதில்லை. கணிப்பான் நட்சத்திரங்களைக் கூட்டிச் சராசரி பார்த்தது. சராசரி நான்கு புள்ளி எண்பதுக்குக் கீழே போன உடல் பட்டியலில் இருக்காது. சிவனேஸ்வரியின் சராசரி இப்போது நான்கு புள்ளி எழுபத்தொன்பது.

மூன்றாம் நாள் அவள் தன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நிறுவனத்து வாசலுக்கு வந்தாள். கதவு திறக்கவில்லை.

“சிகிச்சை தாறோம்னு சொல்லித்தானே சேத்தீங்க?” என்று கதவைப் பார்த்துக் கேட்டாள்.

“பட்டியலில் இருக்கும் உடல்களுக்கு மட்டும்” என்று கதவு மரியாதையாகச் சொன்னது.

தங்கை கேட்டாள்: “நம்ம மேல யாருக்கு என்னக்கா கோவம்?”

“யாருன்னு எனக்கு எப்பிடிடி தெரியும்? தூங்கிக்கிட்டுல்ல இருந்தேன்.”

அந்த வாரக் கடைசியில் மீனலோசனிக்கு நிறுவனத்திடமிருந்து செய்தி வந்தது: ‘தங்கள் அக்கறைக்கு நன்றி. தாங்கள் கேட்டுக்கொண்டபடி அந்த உடலுக்கு நிரந்தர ஓய்வு அளிக்கப்பட்டுவிட்டது.’

“பாத்தியா நிறைமதி, நான் சொன்னத மதிச்சு அந்தப் பொண்ணுக்கு ஓய்வு குடுத்திருக்காங்க. சொல்ல வேண்டியதச் சொன்னா யாரும் கேக்காமப் போறதில்ல” என்றாள். நெஞ்சில் ஒரு வாரமாக இருந்த பாரம் இறங்கிவிட்டது.

செய்தியின் அடியில் ஒரு கேள்வி ஒளிர்ந்தது: ‘இந்தப் பதில் உங்களுக்குத் திருப்தி அளித்ததா?’

அவள் முழுவதும் படிக்குமுன்பே கட்டைவிரல் ‘ஆம்’ என்பதை அழுத்தியிருந்தது.