கேள்விக்குறி போட்ட பெட்டி

ஜெசீகாவின் தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. பக்கத்து வீட்டுச் செசிலி அக்காவின் பழுதான கேசட் ரேடியோவைத் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹாலிஎல பஜாருக்குத் தூக்கி வந்திருந்தாள். பஸ்ஸிலும் உட்கார இடமில்லை.

ரிப்பேர் கடை ஹபீஸ் மாமா அதைச் சரிசெய்து கொடுத்தார். பக்கத்தில் ஒரு பழைய டிவியோடு இன்னொரு பெட்டி இணைந்திருந்தது.

"அது என்ன மாமா?"

"நாப்பது வருஷப் பழைய கம்ப்யூட்டர். போர்த்னு ஒரு பாஷைதான் அதுக்குத் தெரியும். எதைத் தட்டினாலும் கேள்விக்குறி போடுது. பின்னேரம் பழைய இரும்புக்காரர் வருவார், குடுத்துருவேன்."

"நாங்க வேலை செய்ய வச்சா?" என்றாள் ஜெசீகா, மாமாவின் மகன் ஸனூஸைப் பார்த்தபடி.

"வச்சுப் பாருங்க. பதுளைக்குப் போயிட்டு வர்றேன்."

ஸனூஸ் தன் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினான். கேள்விக்குறி வந்தது. 'கழுதை' என்று தட்டினான். அதற்கும் கேள்விக்குறி.

"மண்டுப் பெட்டி."

"இல்லடா. புரியலன்னா புரியலன்னு சொல்லுது. நம்ம வகுப்புல யாரு அப்படிக் கேக்குறா? நீ கேப்பியா?"

ஸனூஸ் டிவியைப் பார்த்துக்கொண்டான்.

பெட்டியோடு வந்த புத்தகத்தில் ஒரு தாள்தான் மிச்சம். புதுச் சொல்லை அதற்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று அதில் இருந்தது. ஜெசீகா முதலில் 'வீடு' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தாள்: கூரை, சுவர், கதவு. திரையில் கதவு கூரைக்கு மேலே போய் நின்றது. ஸனூஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திருத்தினாள். அடுத்தது 'லயம்': தோட்டத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் பத்து வீடு. வீடு தெரிந்த பெட்டிக்கு லயம் ஒரே வரிதான்.

தட்டியதும் பத்து வீடுகள் வரிசையாக நின்றன. ஸனூஸ் விரலால் எண்ணிப் பார்த்தான்.

வெளியே இடி இடித்தது.

"கரண்ட் போனா எல்லாத்தையும் மறந்துரும். கேசட்ல பதியணும்" என்றான் ஸனூஸ்.

இருந்த ஒரே கேசட், ரேடியோவுக்குள் இருந்த செசிலி அக்காவின் மாதா கோயில் பாட்டுக் கேசட். ஜெசீகா கடை போனை எடுத்தாள்.

"அக்கா, கடைசிப் பாட்டை அழிச்சுக்கவா? ஒரு கம்ப்யூட்டரைக் காப்பாத்தணும்."

"அழிச்சுக்க. ஆனா டிசம்பர்ல நத்தாருக்கு அந்தப் பாட்டை நீதான் கோயில்ல தனியாப் பாடணும்."

"தனியாவா?" ஜெசீகா போனைக் கை மாற்றிப் பிடித்தாள். "சரிக்கா."

ஸனூஸ் ரேடியோவைப் பெட்டியோடு வயரால் இணைத்தான். பதிந்து முடித்ததும் கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வந்தபோது ஹபீஸ் மாமா நனைந்து நின்றார். பின்னால் இரும்புக்காரர். ஜெசீகா 'லயம்' என்று தட்டினாள். கேள்விக்குறி.

"பாத்தியா?" என்றார் மாமா.

"இருங்க மாமா."

கேசட்டை ஓடவிட்டாள். அது கீச்சிட்டு ஓய்ந்தது. மறுபடி தட்டினாள். பத்து வீடுகள்.

"எங்க லயத்த விட நல்ல லயம் மாமா. கூரை ஒழுகல."

மாமா பெட்டியின் தூசியைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். இரும்புக்காரர் வெறுங்கையோடு போனார்.

ஜெசீகா ரேடியோவைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். செசிலி அக்காவுக்கு இன்னும் ஒரு பாட்டு பாக்கி.