நின்ற வண்டியின் சூடு

ஆயில் ஏறியிருந்தது.

காரின் ஆயில் அளவுக் கம்பியை அவர் உருவி, துணியில் துடைத்து, மறுபடியும் விட்டு உருவிப் பார்த்தார். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை. நேற்று சரியாகக் கோட்டில் நின்றது. அவரே ஊற்றி, அவரே பார்த்தது. அதற்குப் பிறகு வண்டி கிளம்பவே இல்லை. பழைய வண்டி ஆயிலைக் குடிக்கும், அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நிற்கிற இடத்திலேயே ஆயிலைச் சுரக்கிற வண்டியை அவர் கண்டதில்லை.

முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாடை இல்லை. தண்ணீர் கலந்திருந்தால் பால் மாதிரி வெளுத்திருக்கும், அதுவும் இல்லை. பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

“என் வண்டியில கை வச்சியா?”

“உங்க வண்டியிலயா? பக்கத்துல வந்தாலே திருடனப் பாக்கற மாதிரி பாப்பீங்க. நான் எதுக்குங்க வரப்போறேன்?”

“சீட்டு பின்னால தள்ளியிருக்கு. நெட்டையா எவனோ உக்காந்திருக்கான்.”

“அப்ப அந்த நெட்டையனையே ஆயில் மாத்தச் சொல்லுங்க.” வைத்துவிட்டான்.

இவனுங்களை நம்பினால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டையை மாட்டிவிடுவார்கள். அதனால்தான் இத்தனை வருஷமும் ஆயில், பில்டர், பெல்ட் எல்லாமே அவர் கையால். ஆனால் இன்றைக்குப் பார்த்தா இந்தத் தொல்லை? மனைவிக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, இன்னொன்றில் வெறும் புகைமூட்டம். ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் காலையில் ஆபரேஷன். இந்த முறை தவறினால் அந்தக் கண்ணும் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அளவுக்கு மேல் ஆயிலை வைத்துக்கொண்டு ஓட்டினால் எங்கேயாவது சீல் பிய்த்துக்கொண்டு நடுரோட்டில் நிற்கும்.

வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுவது என்று முடிவு செய்தார்.

“வாடகைக் கார் கூப்பிட்டா என்னங்க?” சன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

“தெரியாதவன் ஓட்டற வண்டியில நீ ஏறக் கூடாது.”

“தெரிஞ்சவர் ஓட்டறது மட்டும் விமானமாக்கும்.”

“வாய் மட்டும் நல்லா நீளுது உனக்கு. இன்ஜின் சத்தம் கேட்டதும் செவுத்தப் பிடிச்சிக்கிட்டு வந்து ஏறு. அதுவரைக்கும் படி இறங்காத.”

முன்சக்கரங்கள் இரண்டும் நேற்று ஏற்றியபடியே இரும்புச் சரிவுகளின் மேல் நின்றன. பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்துச் சக்கரத்துக்கொரு செங்கல். சாவி சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, சாக்கை விரித்து, மல்லாந்து உள்ளே ஊர்ந்தார். மழை இருட்டு கட்டிய மாலை. தகரக் கூரையில் தூறல் பொரிகிற சத்தமும், பழைய ரப்பரும் துருவும் ஈர மண்ணும் கலந்த வாடையும், கைவிளக்கு ஆடும்போதெல்லாம் சுவரில் வளர்ந்து குறுகுகிற சக்கர நிழல்களும் அவருக்கு இத்தனை வருஷமாகப் பழகியவைதான். இன்றைக்கு அந்த வாடைக்குள் வேறொன்றும் இருந்தது. ஜுரக்காரன் படுத்து எழுந்த போர்வையின் வாடை.

ஆயில் பிடிக்கிற தட்டை நகர்த்தி வைத்து, வடிகால் போல்ட்டைத் தளர்த்தினார். கடைசிப் புரியை எப்போதும்போல் விரலால் சுற்றினார். ஆயில் புறங்கையில் விழுந்தது.

சூடாக இருந்தது.

ஓடாத வண்டியில் சூடு எங்கிருந்து வரும்? சுடுகிற சூடுகூட இல்லை. உடம்புச் சூடு. திடுக்கிட்டதில் போல்ட் கையிலிருந்து நழுவித் தட்டுக்குள் விழுந்து முழுகியது. “சனியனே,” என்றார்.

சீராக வடியவேண்டிய ஆயில் விட்டுவிட்டு வந்தது. ஒரு பீச்சல், ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு பீச்சல். தட்டு நிறைந்தது. வழிந்து, சாக்கை நனைத்து, முதுகுக்கடியில் வெதுவெதுப்பாகப் பரவியது. இந்த இன்ஜின் கொள்ளும் அளவு அவருக்குத் தெரியும். அது எப்போதோ வடிந்து முடிந்திருக்க வேண்டும். நிற்கவில்லை.

வேறு வழியில்லாமல் ஆள்காட்டி விரலை ஓட்டைக்குள் செருகி அடைத்தார். எத்தனையோ தடவை செய்த வேலைதான். மறுகையால் தட்டுக்குள் போல்ட்டைத் துழாவினார். கிடைத்தது. விரலை உருவப் போனார்.

வரவில்லை.

புரி வெட்டுகிறதோ என்று திருப்பினார். திருப்ப முடிந்தது. உருவத்தான் முடியவில்லை. உள்ளே ஏதோ விரலைச் சுற்றியிருந்தது. மெதுவாக. குழந்தை பிடிப்பதுபோல.

பிறகு இறுக்கியது.

மேலே, டிரைவர் சீட்டின் கம்பிச்சுருள் கிரீச்சிட்டது.

கதவு திறந்த சத்தம் இல்லை. யாரும் வரவில்லை. ஆனால் வண்டி அந்தப் பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்தது. யாரோ சாய்ந்து உட்கார்ந்தது மாதிரி. காலை நீட்டிக்கொண்டது மாதிரி.

சட்டைப்பையில் சாவி நெஞ்சை அழுத்தியது.

இன்ஜின் கிளம்பியது.

முதல் முயற்சியிலேயே. அவரிடம் ஒருநாளும் அப்படிக் கிளம்பியதில்லை.

வீட்டுக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம். சுவரைத் தடவிக்கொண்டே வருகிற வளையல் சத்தம்.

“வராத!” என்று கத்தினார்.

ஆக்சிலரேட்டர் மிதிபட்டது. இன்ஜின் உறுமியதில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி வாயைத் திறந்தார். விரலை ஒட்டி வழிந்த ஆயில் வாய்க்குள் இறங்கியது. வெதுவெதுப்பாக. உப்பாக.

அவள் பாதங்கள் அவர் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றன. காலால் வண்டியைத் தட்டினார். கதவு திறந்தது. பாதங்கள் மேலேறின. இடது பக்கமும் தாழ்ந்தது. கதவு மூடியது.

இன்ஜின் அடங்கி, பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே, தகட்டுக்கு அந்தப் பக்கம், அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

“சொன்ன நேரத்துக்குக் கிளப்பிட்டீங்களே.”

வளையல்கள் டிரைவர் சீட்டுப் பக்கமாக நகர்ந்து குலுங்கின.

“என்னங்க, கை ஏன் இப்படிச் சுடுது? காய்ச்சலா?”

ஹேண்ட்பிரேக் விடுபட்டது. விரலை உள்ளே இழுத்துக்கொண்டே, வண்டி மெல்லப் பின்னால் சாய்ந்தது.

பின்சக்கரத்தடியில் முதல் செங்கல் நொறுங்கியது.