இருபத்தேழாம் இலக்க வீட்டின் அட்டை

திகதிதான் பவளராணியின் கண்ணை முதலில் உறுத்தியது. ஹோம்புஷ் புறநகரின் பழைய காசநோய் அட்டைகளை ஒரு வரலாற்றுச் சங்கம் படம்பிடித்து அனுப்பும். அவள் வீட்டிலிருந்தபடி அவற்றைக் கணினியில் பதிவுசெய்வாள். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே ஒரு நேர்ஸ் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதிய அட்டைகள் அவை. இந்த அட்டையின் கடைசி வரியிலோ 2012 என்று இருந்தது.

எழுதியவளின் கை பிசகியிருக்கும் என்று விலாசத்தைப் பார்த்தாள். அவளும் கணவனும் பிள்ளையும் வாடகைக்கு இருக்கும் இதே வீடு.

முதல் வரி 1926. ஒரு தாயின் பெயர், வியாழன், மூன்று மணி. ‘இருமல் கேட்டது. கதவு திறக்கவில்லை. மீண்டும் வருவேன்.’ அடுத்த வியாழனும் அதே வரி, அதற்கடுத்த வியாழனும் அதே வரி; பிறகு தாயின் பெயர் வெட்டப்பட்டு, கீழே மகளின் பெயர் எழுதி, அதுவும் வெட்டப்பட்டிருந்தது. பிறகு வேறு வேறு குடும்பங்கள், வேறு வேறு ஆண்டுகள், ஆனால் அதே சாய்ந்த கையெழுத்து. கடைசி வரி போன வியாழனுக்குரியது. பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.

போன வியாழன் யாரோ தட்டியது உண்மைதான். அவள் துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டு மூச்சடக்கி இருந்தாள். மூன்று கிழமையாக இருமல், விடிந்தால் தலையணையில் வியர்வை, தொண்டையில் இரத்த ருசி. பத்து நாளில் விசாவுக்கான மெடிக்கல்; எக்ஸ்ரேயில் நோய் தெரிந்தால் விசா கிடைக்காது. “அது முடியட்டும், பிறகு டொக்டரிட்டைக் காட்டுவம். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை” என்று கணவன் யசோதரன் சொல்லிவிட்டான். இந்த நாட்டுக்குத் தப்பி வந்த படகு கடலில் ஆடியபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை. எக்ஸ்ரேக்குத்தான் அப்படிப் பயந்தாள், பாவி.

இன்றும் வியாழன். மழை தகரக் கூரையில் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கொத்தமல்லிக் கசாயத்தின் வாடையை அமுக்கிக்கொண்டு, நனைந்த கம்பளியும் பினாயிலும் கலந்த நாற்றம் ஒன்று வாசற்கதவின் கீழிடுக்கால் மெல்ல உள்ளே ஏறியது. அறைக்குள் நாலு வயது தாரகா உறங்கிக்கொண்டிருந்தாள்.

தட்டும் சத்தம். மூன்று தரம், அவசரமில்லாமல்.

தொலைபேசியில் யசோதரனை அழைத்தாள். “ஆரோ கதவைத் தட்டுகினம்.”

“கிளினிக் ஆக்களா இருக்கும். திறக்காதை, ராணி.”

“திறந்தால்தான் பிள்ளைக்கு நல்லதெண்டு மனசு சொல்லுது.”

“விசர்க்கதை கதையாதை. விசா போனால் மூண்டு பேரும் போனம்.”

அவன் வைத்துவிட்டான். மறுபடி மூன்று தட்டு. அட்டையில் இருந்த அத்தனை பேரும் இதே கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றிருப்பார்கள். விசா நாசமாய்ப் போகட்டும். எழுந்து ஓடினாள்.

தாழ்ப்பாள் அசையவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள். நகம் பிய்ந்தது. இரும்பு பனிபோல் குளிர்ந்தது.

“நில்லுங்கோ! திறக்கிறன்!”

தட்டல் நின்றது. நாற்றம் இப்போது வாசலில் இல்லை.

வீட்டின் உள்ளிருந்து ஓர் இருமல். சின்ன இருமல்.

“அம்மா…” தாரகாவின் குரல். “இந்த அன்ரின்ர காது நல்லாக் குளிருது.”

அறை வாசலில் வந்து நின்றாள். கட்டிலின் மேல், நனைந்த சாம்பல் நிற நேர்ஸ் கோட்டு அணிந்த முதுகொன்று குனிந்திருந்தது. பிள்ளையின் வெற்று நெஞ்சில் காதை வைத்திருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தி, பேசாமல் இரு என்றது.