ஊர்க்கோடியிலிருந்து வந்த மெக்கானிக்

காலை பதினொன்று. கல் வியாபாரி தன் கடையின் பெட்டக அறையில், வாங்க வந்தவர் முன்னால் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மரகதக் கற்கள் இருந்திருக்க வேண்டும். இருந்தவை கண்ணாடிச் சில்லுகள்.

வாங்க வந்தவர் நாகரிகமானவர். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். வியாபாரியால்தான் எழுந்திருக்க முடியவில்லை.

அன்று காலை அந்த அறைக்குள் போன வெளியாள் ஒருவன்தான்: ஏசி பழுது பார்க்க வந்த மெக்கானிக். வேலையை முடித்து வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தவனைக் கடை ஆட்கள் இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். சோதித்ததில் ஸ்குரூ டிரைவர்கள் கிடைத்தன, கற்கள் கிடைக்கவில்லை. கூட்டாளியிடம் கொடுத்தனுப்பிவிட்டான் என்று அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது.

போலீசுக்கு முன்பே மெக்கானிக்கின் கம்பெனி மேலாளர் வந்து சேர்ந்தார். வந்ததும் கைப்பேசியை எடுத்து, அவன் பெயருக்கு எதிரே இருந்த திறன்களை எல்லாம் அழித்தார். அந்தக் கம்பெனியில் வேலையைப் பிரித்துக் கொடுப்பது கணினி. இந்தப் பழுதுக்கு என்ன திறன் வேண்டும், அது யாரிடம் இருக்கிறது, அவர்களில் யார் பக்கத்தில் இருக்கிறார் என்று பார்த்து அதுவே ஆளை அனுப்பிவிடும். திறன் அழிந்தவனுக்கு வேலை வராது. வேலை வராதவனுக்குச் சம்பளம் வராது. விசாரணை தொடங்கும் முன்பே தண்டனை நிறைவேறிவிட்டது.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். ஜவுளிக்கடைக்காரரின் மகள். துணியை அளக்கும் கையைப் பார்த்தே எத்தனை விரற்கடை குறையும் என்று சொல்கிற வீட்டில் வளர்ந்தவர். வந்ததும் நாற்காலி கேட்கவில்லை, கண்ணாடிச் சில்லுகளைக் கேட்டார். தராசில் போட்டார்.

"உங்க கல் என்ன எடை?" என்றார்.

வியாபாரி சொன்ன எடையும் தராசு காட்டிய எடையும் மயிரிழை பிசகவில்லை.

"காலையில பொட்டலத்தைப் பாத்தீங்களா?"

"கையில எடுத்துப் பாத்தேன். பிரிக்கல. கனம் சரியா இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்துப் பேசியவர் வியாபாரியின் தங்கை புருஷன். கடையில் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளை. பழ வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு வந்து, மச்சான் கடையில் ஒட்டிக்கொண்டவர். பெட்டகச் சாவி இரண்டில் ஒன்று அவரிடம். ஏசி நின்றுவிட்டது என்று கம்பெனிக்குத் தகவல் அனுப்பியதும் அவரே. மெக்கானிக் வரும் முன் தானே பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததாகவும், கற்கள் பத்திரமாக இருந்ததாகவும் சொன்னார். அவன் வேலை செய்கையில் ஒரு போன் பேசப் போனது மட்டும்தான் தன் தப்பு என்று வருத்தப்பட்டார்.

"இவன் மேல ஏற்கெனவே ஒரு திருட்டுக் கேஸ் உண்டு மேடம்," என்று முடித்தார்.

மேலாளர் திடுக்கிட்டார். அது அவருக்கே தெரியாது. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். பழைய கம்பெனியில் தாமிரக் குழாய் காணாமல் போன வழக்கு. கோர்ட்டு அவனை விட்டுவிட்டது. ஊர் விடவில்லை.

இன்ஸ்பெக்டர் வெளியே போய் வேனைப் பார்த்தார். உள்ளே ஆளுயர வாயு உருளை ஒன்று, முத்திரை பிரிக்காமல் படுத்திருந்தது. தெருமுனை டீக்கடையில் அதே கம்பெனிச் சட்டையோடு இரண்டு பேர், அடுத்த வேலை வரும் என்று கைப்பேசியைப் பார்த்தபடி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து மெக்கானிக் எதிரில் உட்கார்ந்தார்.

"எங்கிருந்து வந்தே?"

"ஊர்க்கோடியிலேர்ந்து மேடம்."

"இங்க என்ன பழுது?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பழுதே இல்லையாம். சுவரில் மாட்டும் சாதாரண ஏசி. ஒரு வயர் கழன்றிருந்தது. பழைய காலத்துப் பெரிய குளிர் அறை இயந்திரம் என்று கணினி சொன்னதால், அதற்கான உருளையைத் தூக்கிக்கொண்டு ஊரைக் கடந்து வந்திருக்கிறான். வயரை முடுக்கிவிட்டு, கணினியை மனசுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறான்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சு, அவ்வளவுதான்," என்றார் மாப்பிள்ளை.

மேலாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கணினி தப்பே செய்யாது என்றார். வாடிக்கையாளர் இயந்திரத்தின் மேல் வகை எண் பொறித்திருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பினால் அது வகையைப் படித்துக்கொள்ளும். திறன் முதலில், தூரம் பிறகு. அந்தப் பழைய வகைக்குக் கம்பெனியிலேயே பயிற்சி உள்ளவன் இவன் ஒருவன்தான். தகடு எந்தச் சுவரில் இருக்கிறது என்று மட்டும் அது பார்க்காது.

"உங்க கம்ப்யூட்டரை நான் முழுசா நம்புறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த ரூம்ல பொய் சொல்லாத ஆள் அது ஒண்ணுதான் போலிருக்கு." மெக்கானிக் பக்கம் திரும்பினார். "அந்தப் பழைய மெஷின் இன்னும் எங்க ஓடுது?"

"ஒரே இடத்துலதான் மேடம்," என்று மாப்பிள்ளையைக் காட்டினான். "இந்த சார் வீட்டுல. கீழ்த்தளத்துக் குளிர் அறையில. சாருக்குத் தெரியுமே, நான்தானே எப்பவும் வருவேன். டீ குடுத்து என் பழைய கதையெல்லாம் கேட்டிருக்காரே. இன்னிக்கும் சார் பேரைப் பாத்துட்டு, கம்ப்யூட்டர் வீட்டையும் கடையையும் குழப்பிக்கிச்சுன்னு நெனச்சேன்."

அறை சில்லென்று இருந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் நெற்றி வியர்த்தது.

இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கணக்கைப் பிரித்தார். அவசரத்தில் திருடுகிறவன் கற்களின் எடைக்குச் சமமாகக் கண்ணாடியைத் தேய்த்து எடுத்து வர மாட்டான். எடை தெரிந்தவன், முன்பே மாற்றிவைத்தவன்தான் அதைச் செய்வான். மாற்றியவனுக்குப் பழி சுமக்க ஒருவன் வேண்டும், அதுவும் ஏற்கெனவே பழி சுமந்து பழகியவனாக வேண்டும். அவன் பழைய கதையை இந்தக் கடையில் ஒருவர்தான் கேட்டிருக்கிறார், தன் வீட்டில் டீ கொடுத்து.

"பக்கத்துக் கடையில கெடைக்கிறதை ஒருத்தன் ஊர்க்கோடிக்குப் போய் வாங்கினா, சரக்குக்காகப் போகல, கடைக்காரனுக்காகப் போறான்னு அர்த்தம். டீக்கடையில ரெண்டு பேர் சும்மா இருக்காங்க. உங்களுக்கு இவன்தான் வேணும். பேர் சொல்லிக் கேட்டா சந்தேகம் வரும். அதனால இவன் ஒருத்தனுக்கு மட்டும் பொருந்துற மாதிரி ஒரு வேலையைத் தச்சீங்க. அளவுக்கு உங்க வீட்டு மெஷின் தகட்டையே படம் புடிச்சுக் குடுத்துட்டீங்க, பாருங்க."

"மாப்பிள்ளை," என்றார் வியாபாரி.

"கல்லும் அந்த மெஷினுக்குள்ளதான் இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். "இவன் திறக்கிறதைப் பக்கத்துல நின்னு பாத்திருப்பீங்க. அதைத் திறக்கத் தெரிஞ்ச இன்னொருத்தன் ஜெயிலுக்குப் போயிட்டா, அதைவிடப் பத்திரமான பெட்டகம் ஏது?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பெட்டகச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

உடைத்துத் திறக்கலாம் என்றார் ஒரு கான்ஸ்டபிள். கூடாது என்றார் வியாபாரி. அந்தக் குளிர் அறையைப் பூ வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டுத்தான் தங்கை குடும்பம் நடத்துகிறாள். முறையாகத் திறந்து, முறையாக ஓட விட வேண்டும். மேலாளர் கைப்பேசியில் ஆள் தேடினார். திரை உதட்டைப் பிதுக்கியது: இந்தத் திறன் உள்ளவர் யாருமில்லை.

"இருக்கார். உங்க கை அழிச்சதை உங்க கையே எழுதட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

மேலாளர் ஒவ்வொரு திறனாகத் திரும்ப ஏற்றினார். கடைசித் திறன் ஏறியதும் மெக்கானிக்கின் சட்டைப் பையில் கைப்பேசி ஒலித்தது. அவன் எடுத்துப் பார்த்தான்: பழைய வகை இயந்திரம், கீழ்த்தளம், உடனே வரவும்.

எழுந்து சட்டையை உதறிக்கொண்டான்.

"போலாம் மேடம்," என்றான். "இந்தத் தடவை அந்த உருளை வீணாப் போகாது."