இருபது வருஷம் கழித்து வரும் லாரி

லாரியின் முன் கண்ணாடியில் ஒரு ஆள் வந்து விழுந்தான்.

மேலேயிருந்து!

டிரைவர் அலறினான். பிரேக் அலறியது. பின்னால் வந்த அத்தனை வண்டிகளும் அலறின.

இருபது வருஷம் கழித்து அந்த ரோட்டில் எத்தனை வண்டி ஓடும் என்று கணிக்க வந்த ஆள் அவன். அன்று காலையோடு அவன் கணக்கே முடிந்துவிட்டது.

ரோட்டைக் கடக்கும் நடைமேம்பாலத்தின் மேல் இன்னொருவர் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். கண்கள் மட்டும் அகலத் திறந்திருந்தன.

"யாராவது வாங்களேன்... எனக்குக் கண்ணு தெரியலையே!"

விழுந்தவன் பார்ட்னர். கிடந்தவர் ஜோசியர்.

நிஜ ஜோசியர் இல்லை. ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய கம்பெனிக்கு வேலையே ரோட்டுக்கு எதிர்காலம் சொல்வதுதான். இன்றைக்கு ஓடும் வண்டிகளை எண்ணுவார்கள். வருஷா வருஷம் எவ்வளவு கூடும் என்று பெருக்குவார்கள். 'நாலு வழி போதும்' என்றோ, 'ஆறு வழி வேணும்' என்றோ சொல்வார்கள்.

அவர்கள் சொன்னால் ரோடு வரும். சொல்லாவிட்டால் வராது!

*

ஆஸ்பத்திரி வராந்தா.

"உங்க தம்பியை ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்கோம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜோசியரின் மனைவி திடுக்கிட்டாள். "அவனையா? எதுக்கு?"

"உங்க வீட்டுக்காரர் வாக்குமூலம். பின்னாலேர்ந்து மண்டையில ஒரு அடி... கண்ணு இருட்டிடுச்சு. அப்புறம் ஒரு குரல். 'என் கணக்கையா பொய்னு சொன்னே?' அடுத்த செகண்ட் பார்ட்னரோட அலறல். அது மச்சான் குரல்தான்னு அடிச்சுச் சொல்றார்."

"என் தம்பி கொசுவை அடிக்கவே ரெண்டு தடவை யோசிப்பான் சார்!"

"அப்படியா? போன வாரம் உங்க வீட்டு ஹால்ல பார்ட்னரைப் பார்த்து என்ன கத்தினான்?"

அவளுக்கு அந்தச் சண்டை நினைவுக்கு வந்தது.

தம்பிதான் அந்தக் கம்பெனிக்கு வண்டி எண்ணுகிறவன். அவன் கொடுத்த எண்ணிக்கை நம்பும்படி இல்லை என்று பார்ட்னர் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னான். தம்பி கொதித்துவிட்டான். 'அந்தப் பாலத்துலேர்ந்தே உங்களைத் தள்ளி விட்டுடுவேன்!'

"நீங்களும் அங்கதானே இருந்தீங்க? 'ஆமா, கத்தினான்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கேஸ் முடிஞ்சுது."

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. கேட்டார். முகம் சுளித்தார். அவளிடம் நீட்டினார்.

"உங்க தம்பிதான். ஸ்டேஷனையே அழுது நனைச்சிட்டானாம். ஒரே நிமிஷம்..."

"அக்கா! நான் காலையில வீட்டுல தூங்கிட்டிருந்தேன்க்கா. சத்தியமா!"

"யாராவது பார்த்தாங்களாடா?"

"தூங்கறதை யாருக்கா வந்து பார்ப்பாங்க? அக்கா, நான் எண்ணினது சரி. நடுவுல எவனோ கூட்டியிருக்கான். அத்தான்கிட்ட சொல்லுக்கா... அத்தான் என்னைக் காப்பாத்துவாரு!"

போன் அணைந்தது.

"டாக்டர் என்ன சார் சொல்றார்?"

"கண்ணுல காயம் இல்ல. மூளையில அடி பட்டா இப்படியும் ஆகலாமாம். ஸ்பெஷலிஸ்ட் நாளைக்குத்தான் வர்றார்."

"அவர்கிட்ட பேசிட்டு வந்து சொல்றேன்."

"சீக்கிரம் வாங்க. கையெழுத்து போடற பேனாவோட காத்திருக்கேன்!"

*

ஏசி ரூம். கட்டிலுக்கு எதிரே பெரிய கண்ணாடி ஜன்னல், இறுக்கி மூடியிருந்தது. வெளியே ரோடு ஊமைப்படம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஜோசியர் தலையணையில் சாய்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி. தலையைச் சுற்றிக் கட்டு.

"நீதானே?"

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"உன் செருப்புச் சத்தம். கண்ணு போனா என்ன... காது இருக்கே!"

அவளுக்கு அழுகை வெடித்தது.

"அவன் நீங்க வளர்த்த பையன்ங்க. உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு காலேஜ் போனவன்."

"அதனாலதான்மா எனக்கு நெஞ்சு வலிக்குது."

"எண்ணினது சரின்னு அவன் சொல்றான்..."

"எங்க எண்ணினான்? டீக்கடையில உக்காந்து வாய்க்கு வந்த நம்பரை எழுதியிருக்கான். பார்ட்னர் சந்தேகப்பட்டு, நானே பாலத்துல நின்னு எண்ணிப் பாக்கறேன்னு வந்தான். உன் தம்பி, பாவி... அங்கயே முடிச்சிட்டான்!"

அவர் கையை நீட்டித் துழாவினார். அவள் கொடுத்தாள். உள்ளங்கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"இருட்டுல எனக்கு நீ மட்டும்தான் இருக்கே. இன்ஸ்பெக்டர் கேட்டா உண்மையைச் சொல்லிடு."

அவர்கள் காதலித்ததே ஒரு நாற்சந்தியில்தான். இந்த மூலையில் அவள், அந்த மூலையில் அவர். இரண்டு பேரும் கூலிக்கு வண்டி எண்ணிய காலம். லாரிக்குக் கட்டைவிரல். காருக்கு ஆள்காட்டி. பைக்குக் கடைசி விரல். கல்யாணத்துக்கு அப்புறமும் பஸ் ஸ்டாப்பில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால், அவர் விரல்கள் தானாக அவள் உள்ளங்கையில் எண்ண ஆரம்பித்துவிடும். 'என் கை என்ன மிஷினா?' என்று சிரிப்பாள்.

"சரிங்க," என்றாள் மெல்ல. "சொல்லிடறேன்."

ஜோசியர் நீளமாக மூச்சு விட்டார். தோள்கள் தளர்ந்தன. கைகள் தளர்ந்தன.

கட்டைவிரல் அவள் உள்ளங்கையை மெல்ல அழுத்தியது.

அவள் யதேச்சையாக ஜன்னலைப் பார்த்தாள்.

லாரி.

ஆள்காட்டி விரல்... கார்.

கடைசி விரல்... பைக்!

கட்டைவிரல். கட்டைவிரல். வெளியே இரண்டு லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக!

ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. ஏசியின் உறுமல் மட்டும்.

அவள் இன்னொரு கையால் கட்டிலோரம் தொங்கிய கயிற்றை இழுத்து, ஜன்னல் திரையை ஓசைப்படாமல் மூடினாள்.

விரல்கள் நின்றன.

திரையை விலக்கினாள்.

கட்டைவிரல்...!

இத்தனை வருஷம் அவள் காதல் என்று நினைத்து வைத்திருந்த உள்ளங்கை அது. இப்போது நெருப்பைப் பிடித்த மாதிரி எரிந்தது.

"இருங்க... இன்ஸ்பெக்டரைப் பார்த்துட்டு வந்துடறேன்."

*

"அவருக்குக் கண்ணு தெரியுது சார்!"

இன்ஸ்பெக்டர் முழுசாகக் கேட்டார். காதைக் குடைந்தார்.

"விரல் ஆடுச்சுன்னு அரெஸ்ட் பண்ணினா, கோர்ட்டுல ஜட்ஜ் சிரிக்கற சிரிப்புல என் தொப்பி பறந்துடும்மா."

"சார்... உங்க ஜீப் கீழே இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

சொன்னாள்.

இன்ஸ்பெக்டரின் மீசை மெல்ல மேலே ஏறியது.

*

டாக்டர், நர்ஸ், இன்ஸ்பெக்டர், அவள். கட்டிலைச் சுற்றி நான்கு பேர்.

"உங்க மனைவி ஒத்துக்கிட்டாங்க சார். கடைசியா ஒரே கேள்வி. வெளிச்சமாவது தெரியுதா?"

"கும்மிருட்டு சார். கிணத்துக்குள்ள போட்டு மூடின மாதிரி."

"அடப்பாவமே..."

"என் கதை போகட்டும். என் மச்சானை மட்டும் ரொம்ப அடிக்காதீங்க சார். என்ன இருந்தாலும் நான் வளர்த்த பை..."

வார்த்தை பாதியில் நின்றது.

ஜோசியர் கட்டிலில் துள்ளி எழுந்தார்.

"ஏய்... ஏய்! ராங் சைடுடா! எதிர்ல பஸ் வருதுடா மடையா!"

ரூமில் ஏசி மட்டும் உறுமியது.

"எந்த பஸ் சார்?" என்றார் இன்ஸ்பெக்டர், ரொம்ப மரியாதையாக.

ஜோசியர் அவசரமாகத் தலையணையில் சாய்ந்தார்.

ஜன்னலுக்கு வெளியே பஸ் நின்றிருந்தது. எதிரே, போகக்கூடாத பக்கத்தில் போலீஸ் ஜீப்.

"பயப்படாதீங்க, யாருக்கும் அடிபடல. பஸ்ஸும் எங்க டிபார்ட்மென்ட் பஸ்தான். சொல்லி வச்சுத்தான் ஓட்டினோம்!"

ஜோசியர் மெல்லக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முதல் தடவையாக மனைவியை நேராகப் பார்த்தார்.

"டோல் கம்பெனி பெரிய நம்பர் கேட்டான். நிறைய வண்டி வரும்னு காட்டினாத்தான் அவனுக்கு லோன் கிடைக்கும். உன் தம்பி எண்ணினதை... நான்தான் கூட்டினேன். பார்ட்னர் நேர்ல எண்ண வந்துட்டான். மாட்டிக்கிட்டேன். தள்ளி விட்டுட்டேன்."

"மண்டை?"

"கைப்பிடிக் கம்பியில நானே முட்டிக்கிட்டேன்."

"என் தம்பி உங்களுக்கு என்னங்க பண்ணினான்?" என்றாள். "அத்தான் காப்பாத்துவாருன்னு இன்னமும் அழுதுட்டிருக்கான்!"

"அவன்தானே தள்ளி விடறேன்னு கத்தினான்..." தலையைக் குனிந்துகொண்டார். "கைக்கு ரெடியா கிடைச்சான்."

அவள் தன் உள்ளங்கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

விலங்கு மாட்டப்பட்டது. வாசல்வரை போன ஜோசியர் திரும்பினார்.

"எத்தனை வருஷம் உள்ளே போடுவாங்களோ... எனக்காகக் காத்திருப்பியா?"

"நீங்கதானே ஜோசியர்? எத்தனை வருஷம்னு நீங்களே கணிச்சுக்கோங்க." கதவைத் திறந்து பிடித்தாள். "எப்பவும் போல தாராளமா கூட்டியே போடுங்க... இந்தத் தடவை அவ்வளவும் நிஜமாவே வரும்!"